இரண்டாம் ஆண்டோடு முடிந்துபோகும் வீடு

தமிழ்நாட்டு ஆர்க்கிடெக்சர் கல்லூரிகளில் வடிவமைப்புப் பாடம் அநேகமாக எங்கும் ஒரே ஏறுவரிசையில்தான் நடக்கிறது. முதலாண்டில் பெட்டிக்கடை, பேருந்து நிழற்குடை. இரண்டாம் ஆண்டில் வீடு. மூன்றாம் ஆண்டில் பள்ளிக்கூடமோ நூலகமோ. நான்காம் ஆண்டில் மருத்துவமனை, அடுக்குமாடி. ஐந்தாம் ஆண்டு தீசிஸ் என்றால் விமான நிலையம், மெட்ரோ முனையம், கடலோரச் சொகுசு விடுதி. ஐந்து ஆண்டுகளில் பத்துப் பருவங்கள். தனி வீடு என்பது அதில் ஒரு பருவத்தில், சில இடங்களில் அரைப் பருவத்தில் வந்துபோய்விடும். பத்தொன்பது வயதில் ஒரு வீட்டை வரைந்து மதிப்பெண் வாங்கிய மாணவர், பட்டம் வாங்கும்வரை இன்னொரு வீட்டைத் தொடாமலே போய்விடலாம்.

இந்த வரிசைக்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: பரப்பளவு கூடக்கூடக் கடினமும் கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. விமான நிலையத்தின் தேவைகள் எழுதிவைக்கப்பட்டவை. ஒரு மணி நேரத்தில் எத்தனை பயணிகள், சோதனை வரிசை எவ்வளவு நீளம், பெட்டி வந்து சேரும் பட்டைக்கு எவ்வளவு இடம், எல்லாவற்றுக்கும் கையேடு உண்டு. பயணி அங்கே இரண்டு மணி நேரம் இருப்பார்; அம்புக்குறி காட்டிய வழியில் நடப்பார். வீட்டுக்காரர் முப்பது வருடம் இருப்பார். காட்டிய வழியில் எதையும் செய்ய மாட்டார். ஹாலில் படுப்பார், படுக்கையறையில் அரிசி மூட்டை அடுக்குவார், பால்கனியைக் கம்பி போட்டு அடைத்து இன்னொரு அறையாக்குவார். மகள் பெரியவளானால், மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், மகன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கினால், அதே அறுநூறு சதுர அடி வேறு மாதிரி உழைக்க வேண்டும். கட்டடங்களிலேயே கடினமானது வீடுதான் என்பது என் கட்சி. அதைத் தொடக்கப் பயிற்சியாகக் கொடுத்துவிட்டு அப்புறம் மறந்துவிடுவது நம் ஆர்க்கிடெக்சர் கல்வியின் பெரிய குறை.

காகிதத்து வீடு

வகுப்பில் கொடுக்கப்படும் வீட்டு ப்ராஜெக்ட் பெரும்பாலும் இப்படி இருக்கும்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் அரை ஏக்கர் மனை. கணவர் ஓவியர், மனைவி நடனக் கலைஞர், இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். பட்ஜெட் என்ற வரியே இருக்காது. இந்தக் குடும்பத்தை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் வருடாவருடம் ஏதாவது ஒரு கல்லூரியில் இவர்களுக்கு வீடு வரையப்படுகிறது. மாணவர் ஜப்பானிலும் போர்ச்சுகலிலும் உள்ள இரண்டு வீடுகளை இணையத்தில் பிடித்து, கேஸ் ஸ்டடி என்று ஷீட்டில் ஏற்றுவார். பப்பிள் டயகிராம் போடுவார். கான்செப்ட் என்ன என்று ஆசிரியர் கேட்பார். அலை, சிப்பி, தாமரை என்று ஒன்று வரும். பட்டர் பேப்பரில் பலமுறை மாற்றி வரைந்து, ஸ்கெட்ச்அப்பில் ஏற்றி, மாலை வெயில் சாய்வாக விழுகிற நேரத்துக்கு ரெண்டர் எடுத்து, ராத்திரி தூங்காமல் மவுண்ட் போர்டில் மாடல் வெட்டி, சிவந்த கண்ணோடு ஜூரியில் வந்து நிற்பார்.

அந்த உழைப்பைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. வேறெந்தப் பட்டப்படிப்பிலும் இரண்டாம் ஆண்டு மாணவர் இவ்வளவு உழைத்து, அதை நாலு பேர் முன்னால் நின்று தற்காத்துப் பேசுவதில்லை. எதற்காக உழைக்க வைக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

மனை ஆய்வு ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோர் ஷீட்டிலும் ஒரு சூரிய வளைவு, தென்மேற்குப் பருவக்காற்று என்று ஓர் அம்புக்குறி. முந்தைய ஆண்டு மாணவர் வரைந்ததிலிருந்து நகலெடுத்தது. அதை வைத்து எந்த முடிவும் எடுத்திருக்க மாட்டார்கள். வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. கேட்டால், வடக்கு வெளிச்சம் இதமானது என்று புத்தகத்தில் இருக்கிறது என்பார்கள். குளிர் நாட்டுப் புத்தகம். சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. நமக்கு வெயில் கொளுத்தும் மே, ஜூன் மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்குச் சுவரில் வெயில் விழும். சன்ஷேட் இல்லாத வடக்குக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மே மாதத்தைக் கழித்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். மேற்குச் சுவரை ஒட்டிய படுக்கையறையும் அப்படித்தான். பகலெல்லாம் சூடு வாங்கிய செங்கல், ஆட்கள் படுக்கப் போகும் நேரத்தில் உள்ளே சூட்டை விடும்.

அடுத்தது படிக்கட்டு. பிளானில் அது எப்போதும் அழகாகவே இருக்கும். பத்தடி உயரம் ஏற ஆறங்குலப் படியென்றால் இருபது உயர்வுகள் வேண்டும். அதற்கான நீளம் வேண்டும், நடுவில் திரும்ப ஒரு மேடை வேண்டும், ஏறுகிறவர் தலை பீமில் இடிக்கக் கூடாது. இதெல்லாம் செக்‌ஷன் என்ற குறுக்குவெட்டை வரையும்போதுதான் வெளியே வரும். செக்‌ஷனை எல்லோரும் ஜூரிக்கு முந்தைய இரவு வரைகிறார்கள். அதுவும் படிக்கட்டைத் தொடாத ஓர் இடமாகப் பார்த்து வெட்டுவார்கள். இந்தச் சாமர்த்தியம் எந்தக் கல்லூரிக்கும் தனிச்சொத்தில்லை.

ஜூரி உறுப்பினராகப் போன இடத்தில் ஒரு மாணவியிடம், "கிரைண்டரை எங்கேம்மா வைப்பாங்க?" என்று கேட்டேன். "இது மாடுலர் கிச்சன், சார்" என்றார். "உங்க வீட்ல எங்க இருக்கு?" கொஞ்சம் யோசித்தார். "மாடிப்படிக்குக் கீழே, சார். அம்மா கீழே உட்கார்ந்துதான் மாவாட்டுவாங்க. மேடையில வச்சா தூக்கிக் கவிழ்க்க முடியாதும்பாங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

கிரைண்டரின் கல்லைத் தூக்கிக் கழுவ எவ்வளவு இடம் வேண்டும், அதன் தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும், பக்கத்தில் பிளக் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் ஒரு வீட்டுக்குள் இருந்திருக்கிறார். ஆனால் அந்த அறிவுக்கு ஸ்டூடியோவில் மதிப்பில்லை என்று யாரோ எப்போதோ அவருக்கு உணர்த்தியிருக்கிறார்கள். வாயால் சொல்லியிருக்க மாட்டார்கள். சுவரில் ஒட்டப்படும் நல்ல ஷீட்டுகளைப் பார்த்தே மாணவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். அவற்றில் கேஸ் சிலிண்டர் இருக்காது, துணிக்கொடி இருக்காது, சுருட்டி வைத்த பாய் இருக்காது, ஏசியின் வெளிப்பெட்டி இருக்காது. கூரையில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் இருக்காது.

அளந்து கற்றது

இதே பாடத்திட்டத்துக்குள் நல்ல பாடம் ஒன்றும் இருக்கிறது. டாக்குமென்டேஷன் என்ற பெயரில் மாணவர்கள் டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு பழைய வீடுகளை அளக்கப் போவார்களே, அது. தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம். முகப்பிலிருந்து வளவு வழியாகப் பின்கட்டுவரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் நிற்பதைப் படத்தில் பார்த்திருப்பார்கள். வாசலில் நின்று பார்க்கும்போதுதான் அந்தக் கோட்டில் காற்றும் வருகிறது என்று உறைக்கும். வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தின் ஓட்டுச்சாய்வில் மழைத் தண்ணீர் எங்கே விழுகிறது, அதைப் பிடிக்க அண்டா எங்கே வைத்தார்கள், முற்றத்துத் தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று குனிந்து பார்த்து வரைவார்கள். கதவு உயரம் தலையில் இடித்துப் பதியும். ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலோடு நின்றால் வெப்பம் பற்றிய பாடம் உள்ளங்காலில் ஏறும். ஓர் அளவைத் தன் உடம்போடு சேர்த்துத் தெரிந்துகொண்டவர் அதை மறப்பதில்லை. ஆர்க்கிடெக்சர் படித்த யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். ஐந்து வருடத்தில் மனதில் நின்றது எது என்றால் இந்தப் பயணத்தைத்தான் சொல்வார்கள்.

எனக்குள்ள குறை வேறு. நாம் அளப்பதெல்லாம் பெரிய வீடு. பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்த ஒரு வணிகச் சமூகம் தன் செழிப்பின் உச்சத்தில் கட்டிய மாளிகைகள் அவை. அவற்றை அளந்துவிட்டு வரும் மாணவர், முற்றம் என்றால் நல்லது, திண்ணை என்றால் மரபு என்று ஒரு முடிவோடு வருகிறார். அடுத்த ப்ராஜெக்டில் ஒன்றரை சென்ட் மனையிலும் ஒரு முற்றத்தைச் சொருகப் பார்க்கிறார். பெரும்பாக்கத்தின் எட்டடுக்குக் குடியிருப்பில் ஒரு வீட்டையோ, மதுரையில் ஒரு லைன் வீட்டையோ, திருப்பூரில் பனியன் தொழிலாளர்கள் பங்குபோட்டுத் தங்கும் ஓர் அறையையோ அளந்துவரும் வகுப்பை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஏழு பேர் இருக்கும் ஓர் அறையில் பள்ளிப்பை எங்கே தொங்குகிறது, இரவு எத்தனை மணிக்கு எந்தப் பாய் எங்கே விரிகிறது என்று மணிவாரியாகப் பிளான் வரையச் சொல்லிப் பாருங்கள். செட்டிநாட்டு வீட்டுக்கு ஈடான நுட்பம் அதில் இருக்கும்.

சென்னைக்குள்ளேயே இன்னொரு பள்ளிக்கூடம் இருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சிறு மனைகளைச் சாலை, குடிநீர், கழிவுநீர் வசதியோடு பிரித்துக் கொடுத்தார்கள். மீதியை மக்கள் கையில் காசு வந்தபோதெல்லாம் கட்டிக்கொண்டார்கள். பி.வி. தோஷி இந்தோரில் வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பின் அடிப்படையும் இதுதான். ஆரண்யா எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. தோஷிக்கு 2018இல் ஆர்க்கிடெக்சருக்கான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்த பிறகு தேர்விலும் தவறாமல் கேட்கிறார்கள். கோயம்பேட்டில் இறங்கி நடந்தே போகக்கூடிய அரும்பாக்கத்துக்கு எத்தனை வகுப்புகள் போயிருக்கும்? ஒரு மனையில் ஓர் அறை எப்படி மூன்று மாடியானது, மாடிப்படி ஏன் தெருப் பக்கம் வந்தது, வாடகைக்கு விட எதைப் பிரித்தார்கள் என்பதை அங்கே வீட்டுக்காரர்களே சொல்வார்கள்.

360 சதுர அடி

இப்போது கணக்குக்கு வருகிறேன். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் தமிழக அரசு ஒரு வீட்டுக்குத் தரும் தொகை 3.5 லட்சம் ரூபாய். வீட்டின் அளவு 360 சதுர அடி. 2030க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்பது 2024இல் அறிவிக்கப்பட்ட இலக்கு. தொகையைப் பரப்பளவால் வகுத்துப் பார்த்தால் சதுர அடிக்கு ஆயிரம் ரூபாய்கூட வரவில்லை. ஒப்பந்தக்காரர்கள் இரண்டாயிரத்துக்கு மேல் கேட்கும் காலம் இது. இந்த ஒரு வீடு ஒரு முழுப் பருவத்துக்குத் தாங்கும் ப்ராஜெக்ட்.

ஏனென்று சொல்கிறேன். 360 சதுர அடியை வெளிச்சுவர் அளவாக வைத்து 18க்கு 20 அடி என்று எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் ஒன்பதங்குலச் சுவர் வைத்தால் உள்ளே மிஞ்சுவது 16.5க்கு 18.5 அடி, அதாவது ஏறக்குறைய 305 சதுர அடி. சுவரே 55 சதுர அடியைத் தின்றுவிட்டது. 800 சதுர அடி வீட்டில் இந்த இழப்பு பத்துப் பதினொரு சதவீதம். இங்கே 15 சதவீதம். வீடு சின்னதாக ஆக ஆகச் சுவரின் பங்கு கூடும். இனி தேசியக் கட்டட விதித்தொகுப்பின் குறைந்தபட்ச அளவுகளைப் போடுவோம். ஓர் அறை 9.5 சதுர மீட்டர், இன்னோர் அறை 7.5, சமையலறை 5, குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்து 2.8. கூட்டினால் 24.8 சதுர மீட்டர். சுமார் 267 சதுர அடி. உட்சுவர்களை நாலரை அங்குலத்தில் வைத்தாலும் பத்துப் பன்னிரண்டு சதுர அடி அதில் போகும். எல்லாம் போக நடக்க, நிற்க, கதவு திறக்க மிஞ்சுவது ஒரு கட்டில் போடும் இடம். அந்தக் கட்டில் அளவு இடத்தை எங்கே வைப்பது என்பதில்தான் அந்த வீட்டின் தலையெழுத்தே இருக்கிறது. தனியாக ஒரு பாதையாக வைத்தால் வீண். ஹாலோடு சேர்த்தால் ஒரு தையல் மெஷின் போடலாம். அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் தள்ளினால் குழந்தை படிக்க ஓர் இடம் கிடைக்கும். கழிப்பறைக் கதவை வழக்கமான இரண்டரை அடியில் வைப்பதா, நாளைக்குச் சக்கர நாற்காலி போக மூன்றடி வைப்பதா என்பதும் இதே கணக்குக்குள் வரும்.

பொருளிலும் இதே கதைதான். ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவார்கள். செங்கல் நாலில் ஒரு பங்கு மிச்சமாகும், வெற்றிடத்தால் சூடும் குறையும். ஃபில்லர் ஸ்லாப் இன்னொன்று. காங்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே காங்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் மங்களூர் ஓட்டைப் பதித்தால் சிமென்ட் குறையும், எடை குறையும். இரண்டையும் பற்றிப் பத்து மதிப்பெண் பதில் எழுதாத ஆர்க்கிடெக்சர் மாணவர் கிடையாது. கொத்தனாரிடம் போய்ச் சொன்னால் என்ன நடக்கும் என்பது அந்தப் பதிலில் வராது. பழக்கமில்லாத வேலை என்று கூலி கூடக் கேட்பார். தளத்தில் ஓட்டைப் பதித்தால் ஒழுகும் என்று வீட்டுக்காரர் மனைவியிடம் ஒரு வார்த்தை போட்டு வைப்பார். செங்கல் அளவு ஒன்றுக்கொன்று அரை அங்குலம் வித்தியாசமாக வந்தால் எலிப்பொறிக் கட்டு நேராக நிற்காது. மிச்சமான செங்கல் காசு கூலியில் போய்விட்டதா என்று உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் மாணவர்தான் பேக்கரைப் படித்தவர்.

வாஸ்து பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. பல ஆசிரியர்கள் ஸ்டூடியோவில் அந்தப் பேச்சையே எடுக்க விடுவதில்லை. எனக்கும் அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் பட்டம் வாங்கி வெளியே வந்ததும் முதல் வீட்டுக்காரர் கேட்கப்போகும் முதல் கேள்வி, சமையலறை அக்னி மூலையில் வருமா என்பதுதான். கன்னி மூலையில் பெரிய படுக்கையறை, ஈசானியத்தில் தண்ணீர், தெரு இருப்பதோ மேற்கே, பக்கத்து வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி இருப்பதோ நமக்கு போர் போட வேண்டிய இடத்தை ஒட்டி. இத்தனையையும் வைத்துக்கொண்டு வெளிச்சமும் காற்றும் வருகிற பிளானை வரைவது ஒரு திறமை. அதைக் கல்லூரியில் பழகாதவர் வெளியே வந்து, வாஸ்துக்காரர் வரைந்து கொடுத்ததை ஆட்டோகேடில் ஏற்றித் தருபவராக முடிந்துபோகிறார்.

சட்டம் எந்தப் பக்கம்

இந்த நாட்டில் வீடு வரைய ஆர்க்கிடெக்ட் தேவையில்லை. 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் பாதுகாப்பது ஆர்க்கிடெக்ட் என்ற பெயரைத்தான், கட்டடம் வடிவமைக்கும் வேலையை மற்றவர்களுக்கு அது தடை செய்யவில்லை என்று உச்ச நீதிமன்றமே 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட உரிமையாளர் சுயசான்று கொடுத்தால் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சலும் கையூட்டும் குறையும் என்ற வகையில் வரவேற்க வேண்டியது. அதே நேரம், நடுத்தர, ஏழைக் குடும்பங்கள் கட்டும் வீட்டுப் பிளானை முன்கூட்டிப் பார்க்கும் ஒரு ஜோடிக் கண் இதில் குறைகிறது. எஞ்சியிருப்பது பிளான் வரைபவரும் மேஸ்திரியும்தான். ஆர்க்கிடெக்சர் கல்லூரிகள் இந்த வீடுகளைத் தங்கள் வேலையாகவே நினைக்கவில்லையென்றால், ஆர்க்கிடெக்டிடம் போனால் செலவு என்று மக்கள் ஒதுங்குவதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

வேறு இடங்களில் வகுப்பு ப்ராஜெக்டாகவே வீடு கட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் மூர் 1967இல் தொடங்கிய திட்டத்தில் முதலாண்டு மாணவர்கள் வடிவமைத்துத் தாங்களே கட்ட வேண்டும். 1989இலிருந்து அது நியூ ஹேவன் நகரில் குறைந்த செலவு வீடுகளாக மாறியது. அலபாமாவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ரூரல் ஸ்டூடியோவை 1993இல் சாமுவேல் மாக்பியும் டி.கே. ரூத்தும் ஆரம்பித்தார்கள். வறுமை மிகுந்த ஹேல் கவுண்டியில் வைக்கோல் கட்டுகளைச் சுவராக அடுக்கிக்கூட ஒரு குடும்பத்துக்கு மாணவர்கள் வீடு கட்டினார்கள். 2005இல் 20,000 டாலரில் ஒரு வீடு என்று தொடங்கியதையே ஆண்டுதோறும் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். ஒரே கேள்வியைப் புதுப் புது மாணவர்கள் மறுபடி மறுபடி எடுத்துக்கொள்வதால் ஒவ்வோர் ஆண்டும் விடை கொஞ்சம் தேறுகிறது.

இதை அப்படியே இங்கே இறக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே மரச்சட்டகத்தில் ஆணியடித்து வீட்டை நிறுத்துகிறார்கள். மாணவர்களுக்குக் கோடை விடுமுறை போதும். இங்கே செங்கல்லும் காங்கிரீட்டும். பூச்சு வேலையை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டு அடுத்தவர் வீட்டில் பழக முடியாது. கொத்தனாரின் கூலி நாளையும் பறிக்கக் கூடாது. மாணவர் கரண்டி பிடிக்கத் தேவையில்லை. கடைக்கால் எடுக்கும்போது, பேஸ்மென்ட் மட்டம் பார்க்கும்போது, லிண்டல் வரும்போது, தளம் போடும் நாளில் அங்கே இருந்தால் போதும். தளத்துக்குக் கம்பி கட்டிய பிறகு எலக்ட்ரீஷியன் வந்து பைப் பதிக்கையில்தான், தன் பிளானில் ஃபேன் கட்டிலுக்கு நேர் மேலே வரவில்லை என்பது மாணவருக்குத் தெரியவரும்.

நமக்கு இன்னும் பொருத்தமான முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கை ஆர்க்கிடெக்ட் மினெட் டி சில்வா கண்டியில் வட்டபுலுவ குடியிருப்பை 1958இல் வடிவமைத்தபோது, குடியேறப் போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து விசாரித்து, அவர்கள் சொன்னதை வைத்துப் பல வகை வீடுகளை உருவாக்கினார். வெவ்வேறு இனத்தவரும் மதத்தவரும் சேர்ந்து வாழ வந்த இடம் அது. ஒரு வகுப்பால் எளிதாகச் செய்யக்கூடிய காரியம் இது. ஒரு செலவும் கிடையாது.

மாற்றம் எப்படி இருக்கலாம்? இரண்டாம் ஆண்டின் வீடு அங்கேயே இருக்கட்டும். ஆனால் கடற்கரைச் சாலை ஓவியருக்குப் பதிலாக மாணவருக்குத் தெரிந்த ஒரு குடும்பம், அளந்த மனை, எழுதிய பட்ஜெட். பிறகு நான்காம் ஆண்டில், மருத்துவமனையெல்லாம் வரைந்து கை தேறிய பின், மீண்டும் ஒரு வீடு. இம்முறை அரசு வீட்டுத் திட்டப் பயனாளி ஒருவரின் 360 சதுர அடி. நாலைந்து மாணவர்களுக்கு ஒரு குடும்பம், ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு பெற்ற ஆசிரியர் ஒருவர் பொறுப்பு, ஊராட்சி ஒன்றியப் பொறியாளரின் ஒப்புதல். பிளான் குடும்பத்துக்குப் பிடிக்காவிட்டால் அவர்கள் அதை எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது.

எதிர்ப்பு வரும். ஐந்து வருடக் கட்டணம் கட்டிப் படிக்க வைத்தது காலனி வீடு வரையவா என்று பெற்றோர் கேட்பார்கள். பெரிய அலுவலகங்கள் போர்ட்ஃபோலியோவில் பளபளப்பான ரெண்டரைப் பார்த்துத்தான் ஆளெடுக்கின்றன என்று மாணவர்களே சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அதே அலுவலகங்களில் போய்ச் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கழிப்பறைத் தளத்தை எத்தனை அங்குலம் தாழ்த்துவது என்று தெரியவில்லை என்ற புலம்பலையும் அந்த அலுவலகக்காரர்களிடமே கேட்டிருக்கிறேன். தங்கள் அளவில் இப்படிப்பட்ட வகுப்புகளை ஏற்கெனவே நடத்தும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். பாடத்திட்டத்தில் இடமில்லாததால், அவர்கள் வேறு கல்லூரிக்குப் போனதும் வகுப்பும் போய்விடுகிறது.

நாட்கணக்கும் ஒத்துவருகிறது. ஜனவரியில் தொடங்கும் பருவத்தில் குடும்பத்தோடு பேசி, அளந்து, வரைந்து முடிக்கலாம். வெயில் காலத்தில் கடைக்கால் எடுத்துச் சுவர் எழுப்பினால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் தளம் போட்டுவிடலாம். அந்தப் பருவத்துக்கான மதிப்பெண்ணில் பாதியை மட்டும் ஏப்ரல் ஜூரியில் கொடுத்துவிட்டு, மீதியை நவம்பரில், இரண்டு நல்ல மழைக்குப் பிறகு அந்த வீட்டிலேயே வைத்துப் போடலாம். ஜூரியில் வீட்டுக்காரம்மாவும் ஓர் உறுப்பினர்.